ஆயா காலம், அம்மா காலம், என் காலம்: பேறுகாலமும் பெண் படிப்பும்



நமது மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும் என்று ஊக்குநர் அக்கா கேட்டாங்க. "நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், எனக்கு என்னக்கா எழுத வரும்?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுது, அது போதும்" என்று சொல்லிட்டாங்க. எனக்குத் தெரிந்தது பிள்ளை பெற்றது, பிள்ளை வளர்த்தது, குழுவில் கணக்கு எழுதினது. அதனால் பேறுகாலத்தைப் பற்றியே எழுதுகிறேன். நம் தருமபுரி மாவட்டத்துப் பெண்கள் மூன்று தலைமுறையாக எப்படிப் பிள்ளை பெற்றார்கள், அதில் படிப்புக்கு என்ன பங்கு என்பதை, எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் பயிற்சிகளில் கேட்டதையும் படித்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஆயா காலம்

எங்க ஆயா (அம்மாவைப் பெற்றவங்க) பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. பதினாலு வயசில் கல்யாணம். ஒன்பது பிள்ளை பெற்றாங்க, ஐந்துதான் தங்கியது. போன நாலில் இரண்டு, பிறந்த ஏழாம் நாள் எட்டாம் நாளில் போனது. "நல்லா பால் குடிச்சிட்டு இருந்த புள்ளைக்கு திடீர்னு வாய் கட்டிக்கிச்சு, உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னு மந்திரிச்சோம்" என்று ஆயா சொல்லுவாங்க. அது காத்தும் இல்லை கருப்பும் இல்லை, ரணஜன்னி என்று எனக்குத் தெரிந்தது கிராம சுகாதார செவிலியர் நடத்திய ஒரு கூட்டத்தில்தான். தொப்புள்கொடியைக் கதிர் அரிவாளில் அறுத்து, சாம்பலோ சாணியோ வைப்பார்கள். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி அந்தப் புண் வழியாக உள்ளே போய்விடும். தாய்க்கு மாசமா இருக்கும்போதே தடுப்பூசி போட்டு, சுத்தமான பிளேடில் அறுத்திருந்தால் அந்த இரண்டு பிள்ளையும் பிழைத்திருக்கும். அவங்க எனக்கு மாமாவோ சின்னம்மாவோ ஆகியிருப்பாங்க.

சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றிவிட்டு, சக்கரைத் தண்ணி வைப்பதும் அப்போது வழக்கம். வயிற்றுப்போக்கு ஆனால் தண்ணியே கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் இன்னும் போகும் என்று. தண்ணி வற்றித்தான் பிள்ளை சாகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆயா அன்பு இல்லாதவங்க இல்லை. செத்துப்போன நாலு பிள்ளைக்கும் கடைசி வரை பெயர் சொல்லி அழுவாங்க. அவங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை, தானாகத் தெரிந்துகொள்ள எழுத்தும் இல்லை.

அதற்கும் முந்தின காலத்தில் இன்னும் மோசம். 1890களில் திண்டிவனத்தில் நடந்த ஒன்றைப் பலர் கேட்டிருப்பீர்கள். அங்கே ஒரு அமெரிக்க டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள், மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாக இருக்கிறது என்று வந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். "நான் டாக்டர் இல்லை, என் அப்பாதான் டாக்டர்" என்று அவர் சொன்னதற்கு, ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து, 1900ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலோடு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். 1918ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. பெண் டாக்டர் இல்லாததால் செத்தார்கள். பெண்ணுக்குப் படிப்பு இல்லாததால் பெண் டாக்டர் இல்லை.

நம் தமிழ்ப் பெண்களில் அந்தக் கதவைத் திறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1927ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு உறுப்பினராகப் போன முதல் பெண்மணியும் அவர்தான். பெண்ணின் கல்யாண வயதைக் கூட்ட வேண்டும் என்று அங்கே வாதாடினார். 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினாலு வயது என்று வைத்தது. 1978ல்தான் அது பதினெட்டு ஆனது. அவர் பெயரில்தான் இன்று நாம் மகப்பேறு நிதி வாங்குகிறோம். பணம் வாங்குகிற பல பேருக்கு அவர் யார் என்று தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

அம்மா காலம்

எங்க அம்மா ஐந்தாவது வரை படித்தாங்க. காமராஜர் 1956ல் கொண்டுவந்த மதிய உணவுதான் அதற்குக் காரணம். "சோறு போடறாங்கன்னு அனுப்பினாங்க, வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க" என்பாங்க அம்மா. பதினேழு வயசில் கல்யாணம். பதினெட்டுதான் சட்டம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கேட்கவில்லை.

ஆனாலும் ஐந்தாவது படித்த அம்மாவுக்கும் படிக்காத ஆயாவுக்கும் வித்தியாசம் இருந்தது. அம்மாவுக்குத் தேதி பார்க்கத் தெரியும். கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளை நாள்காட்டியில் குறித்து வைத்தாங்க. நர்சம்மா ஊசி போட வந்தபோது மற்றவர்கள் பின்வாசல் வழியாக ஓடினார்களாம். அம்மா நின்று, "இது எதுக்கு?" என்று கேட்டாங்களாம். நர்சம்மா சொன்ன பதிலைக் கேட்டு, தானும் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிப் போனாங்க. எங்க வீட்டில் அதற்குப் பிறகு வாய் கட்டி எந்தப் பிள்ளையும் சாகவில்லை.

அந்த 1980களில் நிறைய மாற்றம் வந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. 1987ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி வந்தது. 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் முதலில் எட்டாவது, பின்னாளில் பத்தாவது படித்திருந்தால்தான் கல்யாணத்துக்குப் பணம் என்று வைத்தார்கள். அதே 1989ல்தான் தமிழ்நாட்டிலேயே முதலாக நம் தருமபுரியில், ஐ.நா.வின் வேளாண்மை நிதி உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. நான் பிறந்த வருஷமும் அதுதான்.

இங்கே ஒரு வேதனையான விஷயத்தையும் மறைக்காமல் எழுதணும். நான் வீட்டுக்கு இரண்டாவது பெண். அப்போது நம் மாவட்டத்திலும் சேலத்திலும் உசிலம்பட்டி பக்கத்திலும் பெண் சிசுவை என்ன செய்தார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நான் பிறந்த அன்று, "இதுவும் பொட்டைப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவங்க இரண்டு பேர் வெளியே போய்ப் பேசினார்களாம். எங்க ஆயா பத்து நாள் அம்மா பக்கத்தைவிட்டு நகரவில்லை. என்னை யார் கையிலும் தரவில்லை. எழுத்தறியாத ஆயாதான் என்னைக் காப்பாற்றினாங்க. படிக்காதவர்களுக்கு மனசு இல்லை, அறிவு இல்லை என்று யாராவது பேசினால் எனக்கு அந்தப் பத்து நாள்தான் ஞாபகம் வரும். 1992ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் ஆரம்பித்தது. அப்படி ஒரு தொட்டில் தேவைப்பட்டது என்பதே நமக்குத் தலைகுனிவுதான்.

1990களில் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பெண்கள் எழுத்து கற்றார்கள். குழுவில் சேர்ந்தவர்கள் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டே கையெழுத்துப் போடக் கற்றார்கள். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர். 2011ல் 73 பேர். ஆனால் அந்த 2011லும் எழுத்தறிவில் கன்னியாகுமரி முதலிடம், நம் தருமபுரி கடைசி இடம்.

என் காலம்

நான் பத்தாவது படித்தேன். உண்மையைச் சொன்னால், திருமண உதவிப் பணம் கிடைக்கும் என்பதற்காகத்தான் அதுவரை விட்டார்கள். பிளஸ் டூ பள்ளிக்கூடம் ஒன்பது கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. "போதும்" என்று சொல்லிட்டாங்க. பதினெட்டில் கல்யாணம் ஆனது. அடுத்த வருஷம் மாசமானேன்.

எனக்கு அட்டை கொடுத்தார்கள். ரத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருந்தது. சத்து மாத்திரை தினமும் ஒன்று சாப்பிடணும் என்று தமிழில்தான் போட்டிருந்தது. நான் படித்தேன், புரிந்தது. ஆனால் சாப்பிடவில்லை. "மாத்திரை போட்டா புள்ள பெருசாயிடும், பிரசவம் கஷ்டமாயிடும். கருப்பாவும் பொறக்கும்" என்று எங்க அத்தை (மாமியார்) சொன்னாங்க. அவங்களைக் குறை சொல்லவில்லை. அவங்க காலத்தில் எல்லாப் பிரசவமும் வீட்டில்தான். பெரிய பிள்ளை என்றால் தாய் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு அது நியாயமான பயம்தான்.

நர்சம்மா வீட்டுக்கு வந்து, "மாத்திரை சாப்பிடறியா?" என்று அத்தை எதிரில் கேட்டாங்க. "சாப்பிடறேன்" என்று பொய் சொன்னேன். மாத்திரை எல்லாம் எருக்குழிக்குப் போனது. ஒன்பதாம் மாசம் ரத்தம் ஏழரைதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பிள்ளை ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வெளியே தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, எருக்குழியில் போட்ட ஒவ்வொரு மாத்திரையையும் நினைத்து அழுதேன். எனக்குப் படிக்கத் தெரிந்தது. பேசத்தான் தெரியவில்லை. இன்னும் இரண்டு வருஷம் படிக்க விட்டிருந்தால் வயசும் இரண்டு கூடியிருக்கும், தைரியமும் கொஞ்சம் கூடியிருக்கும். மகள் பிழைத்தாள், கடவுள் புண்ணியம்.

பெட்டிக்குள் இருந்த சீட்டு

அதற்கு மூன்று வருஷம் கழித்து எங்க தெருவில் நடந்ததை எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது. அந்தத் தங்கையின் பெயர் வேண்டாம். சின்ன வயசிலேயே அப்பா அம்மாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதால் இரண்டாவதோடு படிப்பு நின்றவள். ஒரு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிரசவம் ஆகி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் நான் பிள்ளை பார்க்கப் போனேன். பிள்ளை உள்ளங்கால் வரை மஞ்சளாக இருந்தது. பால் இழுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "ஒரு சீட்டு குடுத்தாங்கக்கா, பத்திரமா வச்சிருக்கேன்" என்று டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். மடிப்புக்கூடக் கலையவில்லை. அதில் இங்கிலீசில் இரண்டு வரி. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மஞ்சள் காமாலை இருக்கிறது, இரண்டு நாளில் கட்டாயம் திரும்பக் கூட்டி வரணும் என்று இருந்தது.

உடனே 108ஐக் கூப்பிட்டோம். வழியிலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்தது. நீல விளக்கில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் காது போய்விட்டது. மஞ்சள் அளவு மீறினால் பிறந்த குழந்தையின் மூளையையும் காதையும் பாதிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாளில் போயிருந்தால் சில நாள் விளக்கு வெளிச்சத்தோடு முடிந்திருக்கும். "படிக்கத் தெரியாதுன்னா வாயைத் திறந்து கேக்கக் கூடாதா?" என்று அங்கே ஒருவர் அவளைத் திட்டினார். கேட்டிருக்கலாம்தான். ஆனால் சீட்டைக் கொடுத்தவர் தமிழில் ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாமே? அவள் அலட்சியமான தாய் இல்லை. அந்தச் சீட்டை அவளைவிடப் பத்திரமாக யாரும் வைத்திருக்க முடியாது.

கணக்கு என்ன சொல்கிறது?

இது அவள் ஒருத்தி கதை இல்லை. 1998-99ல் நாடு முழுவதும் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்தறியாத தாய்மாருக்குப் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயசுக்குள் இறந்தது 87. உயர்நிலைப் பள்ளி முடித்த தாய்மாருக்கு அதே ஆயிரத்தில் 33. நாடும் ஒன்று, காலமும் ஒன்று. ஆனால் ஆயிரத்துக்கு 54 பிள்ளை வித்தியாசம்.

"படித்தவர்கள் வீட்டில் காசு இருக்கும், அதனால் பிழைக்கிறது" என்று கேட்கலாம். அதுவும் ஒரு பங்கு உண்மைதான். ஆனால் வருமானத்தைக் கழித்துப் பார்த்தாலும் தாயின் படிப்புக்குத் தனிப் பங்கு இருக்கிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று நாமே யோசித்தால் புரியும். பள்ளிக்கூடத்தில் இருக்கிற பெண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் கல்யாணம் பேச மாட்டார்கள். அதனால் உடம்பு முற்றிய பிறகு தாயாகிறாள். இரண்டு பிள்ளைக்கு இடையே இடைவெளி விடுகிறாள். அட்டையைப் படிக்கிறாள், ஊசி தேதியை மறப்பதில்லை. வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார்கள். கடைசியில் சொன்னது நியாயம் இல்லை, ஆனால் நடப்பது அதுதான்.

நம் தமிழ்நாடு நிறைய முன்னேறியிருக்கிறது. 1992-93 ஆய்வில் ஆயிரத்துக்கு 68 சிசுக்கள் இறந்தன. 2019-21ல் அது 19க்குக் கீழே. அப்போது நூற்றுக்கு 64 பிரசவம்தான் ஆஸ்பத்திரியில். இப்போது ஏறக்குறைய நூறும் ஆஸ்பத்திரியில்தான். கிராம சுகாதார செவிலியர், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், 108, பிக்மி எண், மகப்பேறு நிதி எல்லாம் சேர்ந்து செய்தது இது. படிக்காத தாயையும் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டு சேர்த்துவிட்டோம். வாசலுக்கு உள்ளே போன பிறகும், வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும்தான் வித்தியாசம் இன்னும் இருக்கிறது. அதே 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 13 பேருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. நம் பக்கத்து நிலவரம் நமக்கே தெரியும்.

குழுவில் நாங்கள் செய்தது

அந்தப் பிள்ளைக்கு நடந்த பிறகு எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். சந்தா வாங்கி, உள்கடன் கணக்கு முடித்ததும், மாசமாக இருக்கிற உறுப்பினரோ உறுப்பினரின் மகளோ மருமகளோ இருந்தால் அவங்க அட்டையைச் சத்தமாகப் படிப்போம். ரத்தம் எவ்வளவு, அடுத்து எப்போது போகணும், என்ன மாத்திரை என்று எல்லாரும் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த எந்தச் சீட்டும் படிக்காமல் பெட்டிக்குள் போகக் கூடாது. ஆரம்பத்தில் "எங்க வீட்டு விஷயம் உங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் முறைத்தார்கள். இப்போது அவர்களே மருமகளைக் கூட்டி வருகிறார்கள். எங்க அத்தையும் ஒரு நாள் வந்து உட்கார்ந்து கேட்டாங்க. என் இரண்டாவது பேறுகாலத்தில் அவங்களே, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டாங்க. பையன் இரண்டு கிலோ எண்ணூறு பிறந்தான். படிக்காதவர்களுக்கு, படித்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பாதிக் குறை தீர்ந்துவிடுகிறது என்பது நாங்கள் கண்ட பாடம்.

மீதிப் பாதி தீர, நம் பெண் பிள்ளைகளை நடுவில் நிறுத்தாமல் படிக்க வைக்கணும். அதனால் கூட்டமைப்பு சகோதரிகளிடம் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஒன்று, எல்லாக் குழுவிலும் அட்டை படிக்கும் வழக்கம் வரணும். இரண்டு, சீட்டில் எழுதுவதைத் தமிழில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்பணும் என்று நம் கூட்டமைப்பு மனு கொடுக்கணும். மூன்று, பத்தாவது முடித்த பெண்ணின் கல்யாணச் செலவுக்குக் கடன் கேட்டால் வயசைக் கேட்போம், படிப்புச் செலவுக்குக் கேட்டால் முதலில் கொடுப்போம். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அதையும் எல்லாருக்கும் சொல்லுவோம்.

கண்ணாடிப் பெட்டியில் பதினெட்டு நாள் கிடந்த என் மகள் இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். போன மாசம் சொந்தத்தில் இருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம்தான், பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. "பிளஸ் டூ முடிச்சு காலேஜும் முடிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று நானே வெளியே வந்து சொல்லிட்டேன். வீட்டில் பெரிய சண்டை. அத்தை இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசுவாங்க, எனக்குத் தெரியும். அன்றைக்கு நர்சம்மா கேட்டபோது வராத வார்த்தை இன்றைக்கு வந்துவிட்டது. அதைக் கற்றுக்கொள்ள எனக்குக் குழுவில் பத்து வருஷம் ஆனது. என் மகளுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது.